சனிக்கிழமை இரவு, வண்டிச் சாவி யாரிடம்?

சனிக்கிழமை மாலை கூலி கைக்கு வந்ததும், பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி பக்கம் கட்டட வேலை பார்க்கும் நம் ஆட்களில் சிலர் நேராக வீட்டுக்குப் போவதில்லை. டாஸ்மாக் கடை இரவு 10 மணிக்கு மூடுகிறது. பாரிலிருந்து எழுபவர்கள் இரண்டு பேர், மூன்று பேராக ஒரே பைக்கில் ஏறி ஜிஎஸ்டி சாலையில் கலக்கிறார்கள். லாரியும் வெளியூர் பேருந்தும் பறக்கிற நேரம் அது.

குடி எந்தச் சாதிக்கும் தனிச் சொத்தல்ல. கணினி கம்பெனிக்காரர்களும் குடிக்கிறார்கள்; செல்போனில் கார் வரவழைத்துப் போகிறார்கள். நம் பையன் தவணை கட்டி முடியாத வண்டியில், பெரும்பாலும் ஹெல்மெட் இல்லாமல் போகிறான்.

மதுராந்தகம் அருகே கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், சென்னை சட்டசபையில் இருந்தபோது விடுமுறை நாட்களில் மதுக்கடைகளை மூடக் கேட்டார். கூலிக்காரர் கையில் காசும் ஓய்வும் சேர்ந்து வரும் நாள் எதுவென்று அவருக்குத் தெரியும். பின்னாளில், 2003 முதல், அரசே சில்லறைக் கடை நடத்துகிறது. மதுவிலக்கு வேண்டும் என்பதே நம் கட்சி. ஆனால் இன்றிரவு குடித்தவர் இன்றிரவே வீடு வந்து சேர வேண்டுமே.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பல நாள் கூலி ஒரே இரவில் போகும். பின்னால் உட்காருபவரும் தப்ப முடியாது. குடித்தவரோடு பயணம் செய்பவர்மீதும் வழக்குப் போடுவோம் என்று சென்னை போக்குவரத்து போலீசார் 2022-இல் அறிவித்தார்கள்.

அபராதத்தைவிடப் பெரிய அடி இன்சூரன்சில் இருக்கிறது. இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. வண்டி உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு, அவர் குடித்துவிட்டு ஓட்டி இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்காது. அவர் மோதி வேறொருவர் இறந்தால், கம்பெனி நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு அதை வண்டிக்காரரிடம் வசூலிக்கக் கோர்ட்டுகள் அனுமதித்திருக்கின்றன. மச்சான் வண்டியை இரவல் வாங்கிப் போயிருந்தால், அந்தக் கடன் மச்சான் தலையிலும் விழலாம்.

"ஒரு குவார்ட்டர்தான், ஒன்றும் ஆகாது" என்பார்கள். 180 மில்லி பிராந்தியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால். உடம்பு மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம்தான் கரைக்கும். மோர், எலுமிச்சை, குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது. இரவு 9 மணிக்குக் குடித்தவர் விடியற்காலை 4 மணிக்கு வேலைக்குக் கிளம்பினாலும் போதை மிச்சமிருக்கலாம்.

ஆகவே பாரில் உட்காரும் முன்பே, குடிக்காத ஒருவரிடம் சாவி போகட்டும். அப்படி யாரும் இல்லையென்றால் வண்டியை வேலையிடத்திலேயே விட்டுவிட்டு, ஆட்டோவுக்கான காசைத் தனியாக எடுத்து வையுங்கள். கடை மூடிய பிறகும் தாம்பரம்–செங்கல்பட்டு தடத்தில் மின்சார ரயில் ஓடுகிறது. ஆனால் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்காதீர்கள், படிக்கட்டுப் பாலம் ஏறுங்கள். வெறும் வயிற்றில் குடிப்பது இன்னும் மோசம்.

கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளே, அப்பாவோ அண்ணனோ தள்ளாடினால் அவர் பின்னால் ஏறாதீர்கள். சண்டை போடாமல் சாவியை வாங்கிக்கொண்டு, உங்களுக்கு லைசென்ஸ் இருந்தால் நீங்கள் ஓட்டுங்கள். இல்லையேல் ஆட்டோ பிடியுங்கள்.

யாராவது நினைவின்றி விழுந்து கிடந்தால் "தூங்குறான், விடு" என்று நகர்ந்துவிடாதீர்கள். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய் உயிர் போகும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாக, விட்டுவிட்டு வருகிறது என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். சாலையில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பவர் தன் பெயரைக்கூடச் சொல்லவேண்டியதில்லை. சட்டம் அவருக்குப் பாதுகாப்பு தருகிறது.