எல்லை தாண்டும் எண் பலகை

தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தில் பிறந்து, தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, கெலவரப்பள்ளி அணையில் சற்றே தங்கி, பின் மேலும் நடைபோடுகிறது. அதனிடம் எவரும் ஆவணம் கேட்பதில்லை. அதே எல்லையை நாள்தோறும் கடக்கும் வண்டிகளின் நிலை வேறு. ஓசூர்த் தெருக்களில் 'டி.என். 70' வண்டிக்குப் பக்கத்திலேயே 'கே.ஏ.' வண்டி நிற்பது நமக்குப் பழகிய காட்சி. அந்த வண்டி இங்கே எத்தனை நாள் ஓடலாம் என்று கேட்டால், தேநீர்க் கடையில் ஒருவர் முப்பது நாள் என்பார். அடுத்தவர் ஓராண்டு என்பார். சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 46ஆம் பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இந்தியா முழுவதும் செல்லும். ஆகவே விருந்தினராக வரும் சொந்த வண்டிக்காரர் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம், காப்பீடு, புகைச் சான்று ஆகியவை கையில் இருந்தால் போதும். கைப்பேசியில் டிஜிலாக்கர் வழியாகக் காட்டினாலும் செல்லும். (வாடகை வண்டிகளுக்குப் பர்மிட் என்ற தனிக் கதை உண்டு. அதை இங்கே தொடவில்லை.) ஆனால் அடுத்த பிரிவான 47 ஓர் எல்லை வகுக்கிறது. வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அம்மாநிலத்தின் புதிய எண் பெற வேண்டும்.

அப்படியானால் முப்பது நாள் கணக்கு எங்கிருந்து வந்தது? கர்நாடகம் 2014இல் தன் வாகன வரிச் சட்டத்தைத் திருத்தி, வெளிமாநில வண்டி முப்பது நாளுக்கு மேல் தங்கினால் ஆயுள் வரி கட்ட வேண்டும் என்றது. 2016இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அத்திருத்தத்தை ரத்துச் செய்தது. சட்டம் போனாலும் பேச்சு மட்டும் எல்லையோரத்தில் இன்னும் உலவுகிறது.

குழப்பத்தின் வேர் நம் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் இருக்கிறது. மோட்டார் வாகனம் பற்றிய சட்டம் பொதுப் பட்டியலில் உள்ளது. வாகன வரியோ மாநிலப் பட்டியலின் 57ஆம் இனம். பதிவு நாடு முழுதும் செல்லும். கட்டிய வரி அந்தந்த மாநிலத்தோடு நின்றுவிடும். கர்நாடகத்தில் ஆயுள் வரி கட்டியவர் இங்கே குடிவந்தால், வண்டியின் வயதுக்கேற்ப இங்கும் கட்ட வேண்டும். அங்கே கட்டியதில் மீதிக் காலத்துக்குரியதைத் திரும்பக் கேட்க வேண்டும். முன்னதற்குக் கையிலிருந்து பணம் வேண்டும். பின்னதற்குப் பொறுமை வேண்டும். மாதச் சம்பளத் தொழிலாளியிடம் இரண்டும் ஒருசேர இருப்பது அரிது.

இதில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது 'வைத்திருத்தல்' என்ற சொல்தான். பகலில் பொம்மசந்திராவில் வேலை, இரவில் ஓசூரில் உறக்கம் என்று வாழ்பவரின் வண்டி எந்த மாநிலத்தில் வைக்கப்பட்டது? 40ஆம் பிரிவு, உரிமையாளரின் உறைவிடமோ தொழிலிடமோ எங்கு உள்ளதோ, எங்கே வண்டி வழக்கமாக வைக்கப்படுகிறதோ, அந்த மாநிலத்தில் பதிய வேண்டும் என்கிறது. இரவு வீட்டு வாசலில் நிற்கும் வண்டி, என் கருத்தில், ஓசூர் வண்டியே. ஆனால் அயல்நாட்டு வண்டிக்குத் துறைமுகத்தில் நுழைந்த நாள் பதிவாவதைப்போல, அத்திப்பள்ளி எல்லையில் எவரும் முத்திரை குத்துவதில்லை. பன்னிரண்டு மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் சாலையோரத் தகராறுகள் பிறக்கின்றன.

அயல்நாட்டு எண்ணோடு வரும் வண்டிகளுக்கு 2022இல் மத்திய அரசு தனி விதிகள் வகுத்தது. அவற்றின்படி, ஆவணம் வேறு மொழியில் இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். உள்ளூர்ப் பயணிகளையோ சரக்கையோ ஏற்றக் கூடாது. விருந்தாளி யார் என்பதில் அங்கே ஐயமில்லை. நம் எல்லையில் விருந்தாளியும் வீட்டுக்காரரும் ஒருவரே!

பெரிய இடர் வேறிடத்தில் இருக்கிறது. பெங்களூரில் பழைய டூ வீலரை வாங்கி, பெயர் மாற்றாமலே ஓட்டுவது நம் பக்கம் சாதாரணம். விபத்து நேர்ந்தால், பதிவுச் சான்றில் பெயருள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. விற்றவர் தலையில் அது விழும். வாங்கியவர் நிலையும் நன்றாயில்லை. வண்டி திருடு போனால், தம் பெயரில் காப்பீடு இல்லாதவர் எதைக் காட்டி இழப்பைக் கேட்பார்?

2021இல் வந்த 'பி.எச்.' வரிசை எண் இவர்களுக்கு உதவுமா? அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்குமே அது கிடைக்கும். இடமாற்றத்தில் செல்லும் அதிகாரியை எண்ணிச் செய்த ஏற்பாடு அது. ஷிப்டுக்கு எல்லை தாண்டும் ஒப்பந்தத் தொழிலாளி அதில் இல்லை.

அவருக்குள்ள வழி பழைய வழிதான். முதலில் கர்நாடகப் பதிவு அலுவலகத்தில் படிவம் 28இல் தடையில்லாச் சான்று கேட்க வேண்டும். கடன் வண்டியானால் கடன் கொடுத்தவரின் சம்மதமும் தேவை. பின் இங்கே படிவம் 27இல் புது எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதில் பலர் அறியாத ஒன்று உண்டு. தடையில்லாச் சான்று விண்ணப்பத்துக்கு முப்பது நாளுக்குள் மறுப்பு வராவிட்டால், சான்று வழங்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்கிறது 48ஆம் பிரிவு. அதற்கு ஆதாரம், விண்ணப்பித்தபோது தரும் ஒப்புகைச் சீட்டு. அதை வண்டியின் பெட்டியில் வைக்காமல் வீட்டில் வைப்பது நல்லது.