நிலத்தடி அரசியல் – 7: வேண்டாத வெந்நீர்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வாலில், நம் வீட்டு ஈயச்சொம்பின் உலோகமான வெள்ளீயம் 1985இல் விலை சரிந்த கதையையும், அதன் பலனாக சவுத் க்ராஃப்டி சுரங்கம் 1998இல் மூடப்பட்டதையும் சென்ற வாரம் பார்த்தோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும். அச்சுரங்கத்தை மறுபடி திறக்கப் பொதுப்பணம் தருவது நியாயமா என்பதை இவ்வாரம் விசாரிப்பதாக வாக்களித்திருந்தேன். ஆனால் அதற்காகப் புத்தகங்களைக் கிளறிய இடத்தில் ஒரு வெந்நீர் ஊற்று குறுக்கிட்டுவிட்டது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

1864ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் விஞ்ஞான சங்கம் பாத் நகரத்தில் கூடியபோது, அதன் தலைவராக வீற்றிருந்த பூகர்ப்ப சாஸ்திரி சார்லஸ் லயல், அந்நகரம் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போனது என்பதை உத்தேசித்தோ என்னவோ, தம் தலைமையுரையின் பெரும்பகுதியை வெந்நீருக்கே ஒதுக்கி, அதனிடையே, கார்ன்வாலின் ரெட்ரூத் ஊரருகே வீல் கிளிஃபர்ட் என்னும் தாமிரச் சுரங்கத்தின் ஆழத்தில் பீறிட்டு வந்த சுடுநீரை லண்டன் கிங்ஸ் கல்லூரி ரசாயனப் பேராசிரியர் மில்லர் பரிசோதித்து, அதுவரை ஆராயப்பட்ட எந்த ஊற்றிலும் காணாத அளவு, பன்மடங்கு மிகுதியாக, லித்தியம் அதிலே கரைந்திருப்பதைக் கண்டார் என்று சபைக்கு அறிவித்தார். லித்தியம் என்ற மூலகமே ஸ்வீடனில் 1817இல்தான் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அதை வாத நோய்க்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்த வைத்தியர் சிலரைத் தவிர, அதனால் உலகத்துக்கு ஆகவேண்டிய காரியம் ஏதும் அன்று இல்லை. சபையார் ஆச்சரியப்பட்டுக் கலைந்தார்கள்.

சுரங்கத்துக்காரர்களுக்கோ அந்த நீர் அதிசயமல்ல, உபத்திரவம். நீராவி யந்திரம் இத்தனை விருத்தியடைந்ததே கார்ன்வால் சுரங்கங்களிலிருந்து தண்ணீரை வெளியேற்றத்தான் என்று சொன்னாலும் பெரிதும் மிகையாகாது. அப்படிக் கரியைக் கொளுத்திப் பெருஞ்செலவில் மேலேற்றிய நீரை, உள்ளிருந்த லித்தியத்தோடு, ஓடையில் விட்டார்கள். 1866இல் தாமிர விலையும் விழுந்தது; அந்தப் பிராந்தியத்துச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக நின்றன; யந்திரங்கள் ஓய்ந்ததும் நீர் பழைய இடத்தை நிரப்பிக்கொண்டது. இப்போது மின்சாரக் காருக்கு மின்கலம் வேண்டும், மின்கலத்துக்கு லித்தியம் வேண்டும் என்றானபின், 2016இல் தொடங்கப்பட்ட கார்னிஷ் லித்தியம் என்னும் கம்பெனி அதே வட்டாரத்தில் துளையிட்டு அதே ஜாதி வெந்நீரைத் தேடுகிறது. பாறை மாறவில்லை, நீரும் மாறவில்லை. மேலே உள்ளவர்களின் தேவை மாறிவிட்டது. எதைச் செல்வம் என்பது, எதைக் கழிவென்று தள்ளுவது என்பதை நிர்ணயிப்பது பூமியல்ல, சந்தை என்று முதல் வாரத்திலிருந்து நான் அலுக்காமல் சொல்லி வருவதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

போகிற போக்கில் இன்னொன்று. வீல் கிளிஃபர்டோடு பின்னர் ஒன்றாக இணைக்கப்பட்ட கன்சாலிடேட்டட் சுரங்கங்களை 1819இல் மறுபடி திறந்து நடத்தியவர் ஜான் டெய்லர். அவர் பெயரால் விளங்கிய ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் கம்பெனியே பிற்பாடு கோலார் தங்க வயலை நிர்வகித்தது. சொந்த ஊரில் பிழைப்பற்றுப்போன கார்ன்வால்காரர்கள் அங்கே மேற்பார்வைக்கு வந்து சேர, அவர்களுக்குக் கீழே பாறையை உடைக்க வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து தமிழ்க் கூலிகள் இறங்கினார்கள். கார்ன்வாலில் கடைசிச் சுரங்கம் நின்று மூன்றாண்டுக்குள், 2001இல், கோலாரும் நின்றது.

இனி விஷயத்துக்கு வருவோம். வெளிநாட்டுத் தாது மலிவாய்க் கிடைத்தவரை உள்நாட்டுச் சுரங்கத்தை மூடவிட்ட தேசங்கள், அரிய தாதுக்களைச் சுத்திகரிக்கும் தொழிலைச் சீனா தன் கையில் வைத்திருப்பதைக் கண்டு இன்று பதறுகின்றன. 2030க்குள் தன் தேவையில் 10 சதவீதமாவது தன் மண்ணிலேயே தோண்ட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சட்டத்தில் இலக்கு வைத்தது. பிரிட்டிஷ் சர்க்காரின் தேசியச் செல்வ நிதியம் 2025இல் சவுத் க்ராஃப்டிக்காக 2 கோடியே 86 லட்சம் பவுனை முதலீடாக அளித்தது. கார்ன்வாலில் இதற்கு வரவேற்பு அதிகம். சுரங்கக் கூலியால் குடும்பம் நடந்த காலம் அங்கே இன்னும் பலருக்கு நினைவிருக்கிறது. அந்த நினைவின்மேல் எழும் உற்சாகத்தை நான் பரிகசிக்க மாட்டேன். ஆயினும், பொன்னும் வெள்ளியும் முடியரசுக்கு உரியவையாக இருக்கும் அந்நாட்டில், வெள்ளீயமும் லித்தியமும் பெரும்பாலும் தனியார் உடைமை; மேல்மண் ஒருவருக்கும் அடியிலுள்ள தாது வேறொருவருக்குமாகப் பாத்தியதை பிரிந்து கிடப்பதும் உண்டு. வரிப்பணத்தில் நீரை இறைத்து வெளியேற்றினால், பங்குப்பணமும் குத்தகைப் பணமும் யார் வீட்டுக்குப் போகும் என்று உள்ளூர் ஜனங்கள் கேட்பது தகும்.

அந்தக் கணக்கை, வெந்நீர் எதுவும் குறுக்கிடாவிட்டால், அடுத்த வாரம் போட்டுப் பார்க்கலாம். லித்தியம் வேண்டாம் என்று செர்பியாவில் தெருவுக்கு வந்த ஜனங்கள் அதற்கும் அடுத்த வாரம்.