முதல் மூச்சு யாருடையது?

தொய்வு நோயாளர் ஒருவர் இல்லத்தில் இருப்பின், இரவில் அவ்வில்லத்தார் எவருக்கும் உறக்கமில்லை. வைத்தியர் தரும் இழுப்பு மருந்தை நாம் ஐயமின்றி நம்புகிறோம். ஆயின், புதிய மருந்தொன்றை முதன்முதல் இழுத்துப் பார்ப்பவர் யார்?

இங்கிலாந்தில் மருந்தாராய்ச்சி செய்த வைத்தியர் றொஜர் அல்தூனியன் தாமே தொய்வு நோயாளர். கினிப்பன்றியின் உரோமம் அவருக்கு ஒவ்வாது. அதன் சாற்றை வேண்டுமென்றே சுவாசித்து நோயை வருவித்துக்கொள்வார். புதுப்புது மருந்துகள் அதனைத் தடுக்கின்றனவா எனத் தம் நெஞ்சிலேயே சோதிப்பார். ஒவ்வொரு முறையும் உயிருக்கே ஆபத்து. பல்லாண்டு முயற்சியின் பயனாய், 1965 இல் சோடியம் குரோமோகிளைக்கேற்று என்னும் தடுப்பு மருந்து கிட்டிற்று. 1968 இல் அது விற்பனைக்கு வந்தது.

இன்று இத்தகைய துணிவை எவரும் தனித்து ஏற்க வேண்டியதில்லை. விலங்குகளில் சோதித்த பின்னர், உடல்நலமுள்ள சிலர் முழுச் சம்மதத்துடன் மிகச் சிறிய அளவை இழுப்பர். மருந்துத் தூளே மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடவும் கூடும். ஆதலால் மூச்சின் வலுவையும் இதயத் துடிப்பையும் அளந்தறிந்த பின்னரே அளவைக் கூட்டுவர்.

முன்பின் அறியாத நமக்காக முதல் மூச்சை ஈந்த அவர்களை நன்றியோடு நினைப்போமாக!