தொழில்வழி மறுவாழ்வு ஆலோசகர்: கற்பவரும் நாடுபவரும் அறிய வேண்டியவை

விபத்தினாலோ நோயினாலோ ஓர் அங்கத்தின் ஆற்றலை இழந்தவரின் உயிரை மருத்துவர் காப்பாற்றிக் கொடுத்த பின்னரும், அவருடைய ஜீவனோபாயத்தை மீட்டுக் கொடுக்கும் காரியம் மிச்சமிருக்கிறது. பிறவியிலேயே குறைபாடு உடையவருக்கோ, அந்த ஜீவனோபாயத்தை முதன்முதலாக அமைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காரியத்தைத் தம் தொழிலாக ஏற்பவரே தொழில்வழி மறுவாழ்வு ஆலோசகர். நாடி வந்தவரின் கல்வி, விருப்பம், தேக சக்தி ஆகியவற்றைச் சிரத்தையோடு ஆராய்ந்து, தக்க பயிற்சிக்கு வழிகாட்டி, வேலை கொடுப்பவரிடம் பேசி, பணியிடத்தில் வேண்டிய மாறுதல்களைச் செய்வித்து, வேலையில் அமர்ந்த பிறகும் சில காலம் தொடர்ந்து கவனித்து வருவது அவர் பொறுப்பு. இதற்குக் கருணை உள்ளம் அவசியந்தான். ஆயினும் முறையான கல்வியும் சட்ட ஞானமும் இல்லாத கருணையால் அந்தப் பொறுப்பை நிறைவேற்ற முடியாது.

இத்தொழிலில் புகுந்து முன்னேற விரும்பும் இளைஞர்கள் முதலில் அறிய வேண்டியது, 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம். மாற்றுத்திறனாளிகளுக்கான தொழில் ஆலோசகர்களையும் வேலைவாய்ப்பு அலுவலர்களையும் மறுவாழ்வுத் தொழில்முறையாளர்களாக இச்சட்டம் குறிப்பிடுகிறது. கவுன்சில் அங்கீகரித்த தகுதியைப் பெற்று, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் பதிந்தவரே இத்தொழிலை நடத்தலாம் என்பது விதி. பதிவின்றித் தொழில் நடத்துவோருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 13-ஆம் பிரிவு இடமளிக்கிறது. 1984-இல் செகந்திராபாத்தில் தோன்றிய அறிவுசார் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம், 2005-இல் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் தோன்றிய பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் முதலியவை மறுவாழ்வுத் துறைப் படிப்புகளை நடத்தும் மத்திய அரசின் ஸ்தாபனங்கள்.

அபாயம் தொடங்குவதும் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் இந்த இடத்திலேதான். கவர்ச்சியான பெயருடைய சான்றிதழையும் கைமேல் வேலையையும் வாக்களித்துக் கட்டணம் வாங்கும் சில நிலையங்களின் படிப்புக்கு, கவுன்சிலின் அங்கீகாரம் இருப்பதில்லை. அத்தகைய சான்றிதழைக் கொண்டு பதிவேட்டில் இடம்பெற முடியாது. செலவிட்ட பொருளும் காலமும் வீணாகும். ஆகையால், அந்தப் படிப்பும், அதை நடத்தும் நிலையமும், சேரவிருக்கும் ஆண்டும் அங்கீகாரத்துக்குள் வருகின்றனவா என்பதைக் கவுன்சிலின் பட்டியலில் பார்த்த பின்னரே கட்டணம் செலுத்த வேண்டும். ஆலோசகரை நாடும் குடும்பத்தாரும் பதிவு எண்ணைக் கேட்டுப் பெறுவதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. பதிவுடையவரிடத்திலும் ஓர் அபாயம் உண்டு: வந்தவர் யாராயினும் மெழுகுவத்தி செய்வதும் கூடை முடைவதுமே அவருக்கு உரிய தொழில் என்று ஆராயாமல் முடிவுகட்டும் ஆலோசகர், தம்மை நம்பி வந்தவருடைய அறிவையும் ஆசையையும் ஒருங்கே அவமதிக்கிறார்.

ஆலோசகர் கசடறக் கற்க வேண்டிய மற்றொரு சட்டம், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்ளும் அச்சட்டம், நாற்பது சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு என்று சான்று பெற்றவர்களுக்கு அரசுப் பணியிடங்களில் குறைந்தது நான்கு சதவீதமும், அரசு உயர்கல்வி நிலையங்களில் குறைந்தது ஐந்து சதவீதமும் ஒதுக்கச் சொல்கிறது. பணிக்காலத்தில் குறைபாடு நேர்ந்தது என்பதற்காக ஓர் அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 20-ஆம் பிரிவு. பழைய வேலையைச் செய்ய இயலாதவருக்கு அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும். அதுவும் இல்லையெனில், தகுந்த பணியிடம் கிடைக்கும் வரையிலோ ஓய்வு பெறும் வரையிலோ, எது முந்துகிறதோ அதுவரை, உபரிப் பணியிடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கால் துண்டிக்கப்பட்டு வேலையிலிருந்து நீக்கப்பட்ட குணால் சிங் என்னும் காவலருக்கு, 1995-ஆம் ஆண்டின் முந்தைய சட்டத்தில் இருந்த இத்தகைய பாதுகாப்பைக் கொண்டே 2003-இல் உச்ச நீதிமன்றம் நியாயம் வழங்கியது.

உரிமை மறுக்கப்பட்டால் பரிகாரமும் உண்டு. அரசு அலுவலகம் ஒவ்வொன்றிலும் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவரிடம் அளித்த புகார் இரண்டு வாரங்களுக்குள் விசாரிக்கப்பட வேண்டும். அதில் திருப்தி இல்லையெனில் மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம். இவையன்றி, விசாரணைக்காக உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்களை உடைய மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் முறையிடலாம். அவர் பரிந்துரைத்ததை உரிய அதிகாரி நிறைவேற்றித் தெரிவிக்கவோ, ஏற்க மறுத்தால் காரணம் கூறவோ மூன்று மாதமே அவகாசம். போலிப் படிப்பினால் ஏமாந்தவர், ரசீதையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்தி, காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுப்பதோடு கவுன்சிலுக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

தொழிலும் தொண்டும் ஒன்றாகவே அமையும் வாய்ப்பு எல்லாருக்கும் கிட்டுவதன்று. அதை விரும்பும் இளைஞர்கள் அங்கீகாரம் பெற்ற கல்வியால் தகுதியடைந்து, சட்டத்தை ஐயமறக் கற்று, பெயரைப் பதிந்த பின்னரே இப்பணியில் இறங்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும், வேலை என்பது பிறர் இரங்கிக் கொடுக்கும் பிச்சையன்று, இந்நாட்டுப் பிரஜைக்கு உரிய பாத்தியதை என்று தெளிந்து, அதைத் தயங்காமல் கேட்க முன்வர வேண்டும்.