இரட்டை ஒளிக்குச் சுருதி!

தம்பூராவின் நடுத் தந்திகள் இரண்டும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். ஒன்று இம்மியளவு இறங்கினாலும் நாதம் கூடிக் குறைந்து அலைபாயும். ஒரு வினாடியில் எத்தனை முறை அலைபாய்கிறதோ, அதுவே இரு தந்திகளின் அதிர்வுகளுக்குள்ள வித்தியாசம்.

ஒலியில் நடக்கும் இந்த விந்தை ஒளியிலும் நடக்கிறது!

சுண்டு விரல் நீளமுள்ள லேஸர் கருவி. இரு முனைகளிலும் ஆடிகள். நடுவே நியோடிமியம் கலந்த படிகம். அதிலிருந்து ஒரே கற்றையாக இரண்டு ஒளிகள் கிளம்புகின்றன. ஒன்று மேலும் கீழுமாக அதிரும். மற்றது பக்கவாட்டில் அதிரும். இரண்டும் வினாடிக்குச் சுமார் 282 லட்சம் கோடி முறை அதிர்ந்தாலும், ஒன்றைவிட மற்றது 300 கோடி முறை அதிகமாக அதிரும்படி அமைக்கலாம். அந்த 300 கோடிதான் விஞ்ஞானிகளுக்கு வேண்டியது.

ஓடியது யார்?

இந்த இரட்டை ஒளியை ரேடார் போலப் பயன்படுத்தும் ஆய்வைப் பிரெஞ்சு விஞ்ஞானிகள் 2002-ல் வெளியிட்டார்கள். ஓடும் பொருளின்மீது பட்டு ஒளி திரும்பும்போது அந்த வித்தியாசம் சிறிது மாறும். அதைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடலாம்.

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டாரால் ஏற்படும் மாற்றம் எவ்வளவு தெரியுமா? 300 கோடியில் வெறும் 200! லேஸரே ஆயிரம், இரண்டாயிரம் என்று தடுமாறினால், ஓடியது மோட்டாரா, லேஸரா என்று எப்படிச் சொல்வது?

ஒரே வீட்டுப் பிள்ளைகள்

ஆடிகளுக்கு இடையேயுள்ள தூரம் தலைமயிரின் கனத்தில் லட்சத்தில் ஒரு பங்கு மாறினால் போதும். ஒவ்வொரு ஒளியின் அதிர்வும் 50 லட்சத்துக்குமேல் மாறிவிடும். ஆனால் இரண்டும் ஒரே வீட்டில் குடியிருப்பவை. ஏறினால் சேர்ந்து ஏறும். இறங்கினால் சேர்ந்து இறங்கும். ஆகவே வித்தியாசம் சுமார் 60 மட்டுமே மாறும்.

இதுவும் போதாது. படிகம் சூடேறினால் இரண்டு ஒளிகளும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. வித்தியாசம் மெல்ல நகரத் தொடங்கும்.

மின்சாரப் பிருடை

இதற்கு ஒரு கடிவாளம் உண்டு. குவார்ட்ஸ் கல்லின் உதவியால் நிலையாக அதிரும் மின்கருவி ஒன்றோடு லேஸரின் வித்தியாசத்தை இடைவிடாமல் ஒப்பிடுகிறார்கள். அது விலகிய உடனே, ஆடிகளுக்கு நடுவேயுள்ள மற்றொரு படிகத்துக்குச் செல்லும் மின் அழுத்தம் தானாகவே மாறும். அந்தப் படிகம் ஓர் ஒளியை மற்றதைவிடச் சற்று அதிகமாகத் தாமதப்படுத்தும். வித்வான் பிருடையைத் திருகித் தந்தியைச் சுருதிக்குக் கொண்டு வருவது போல, வித்தியாசம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்.

பிறகு திரும்பி வரும் ஒளியில் 200 மாறியிருந்தால், ஓடியது மோட்டார்தான் என்று துணிந்து சொல்லலாம்!