காரில் 'லாக் நட்' வைத்துக்கொள்ளலாமா, கழற்றிவிடலாமா?

இரவு தெருவில் நிறுத்திய கார், காலையில் சக்கரம் இல்லாமல் செங்கல் மேல் நிற்கும் படம் அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும். அதைப் பார்த்த கையோடு பலர் தேடுவது வீல் 'லாக் நட்'. இன்னொரு பக்கம், அந்த நட்டின் சாவி கிடைக்காமல், பஞ்சரான டயரைக் கழற்ற முடியாமல் நெடுஞ்சாலையில் தவித்தவர்கள், "முதல் வேலையா அதைக் கழட்டிப் போடுங்க" என்கிறார்கள். இரண்டு தரப்பு சொல்வதிலும் உண்மை இருக்கிறது. யாருக்கு எது பொருந்தும் என்பதுதான் கேள்வி.

லாக் நட் என்றால் என்ன?

சாதாரண கார்களில் ஒரு சக்கரத்தை நான்கு அல்லது ஐந்து நட்டுகள் பிடித்திருக்கும். எல்லாம் ஆறு பக்கம் கொண்டவை. மாருதி சுஸுகி கார்களுக்கு 19 மி.மீ., டொயோட்டாவுக்கு 21 மி.மீ. ஸ்பேனர் போதும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் நட்டுக்குப் பதில் போல்ட் இருக்கும். அதற்கு 17 மி.மீ. ஸ்பேனர். எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் இந்த ஸ்பேனரும் ஒரு ஜாக்கியும் இருந்தால், பழகிய கைக்கு நான்கு சக்கரத்தையும் கழற்ற அதிக நேரம் ஆகாது.

லாக் நட் இந்த வேலையைக் கொஞ்சம் கடினமாக்குகிறது. பெரும்பாலும் ஒரு சக்கரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நான்கு நட்டுகளும் சாவியும் கொண்ட செட்டாக வரும். நட்டின் தலை வட்டமாக, ஸ்பேனர் பிடிக்காதபடி இருக்கும். அதன் முகத்தில் வளைந்து நெளிந்த ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். சாவியின் ஒரு முனை அந்தப் பள்ளத்தில் பொருந்தும். மறு முனையில் வழக்கமான வீல் ஸ்பேனரைப் போட்டுத் திருப்ப வேண்டும். சாவி என்று சொன்னாலும், பார்க்க ஒரு சின்ன இரும்புத் துண்டு மாதிரிதான் இருக்கும்.

சில ஐரோப்பிய நிறுவன கார்களில் கம்பெனியிலேயே பொருத்தி வருவது உண்டு. மற்ற கார்களுக்கு ஆக்சஸரி கடையில் வாங்கிப் போடலாம். இதற்குப் பெயர் பெற்ற அமெரிக்க நிறுவனமான மெக்கார்ட் தொடங்கி, பெயரே இல்லாத ஆன்லைன் செட் வரை சந்தையில் இருக்கின்றன.

திருடனை எவ்வளவு தூரம் தடுக்கும்?

முழுசாகத் தடுக்காது. பள்ளம் பொருந்தாவிட்டாலும், நட்டின் தலையைவிடச் சற்றே சிறிய சாக்கெட்டை அதன் மேல் சுத்தியலால் அடித்து இறுக்கித் திருப்பினால், மலிவான லாக் நட்டுகள் பலவும் கழன்றுவிடும். இதே வேலைக்காக உள்பக்கம் சுருள் பல் வைத்த சாக்கெட்டுகள் கடைகளில் வெளிப்படையாகவே விற்கின்றன. சாவி தொலைத்தவர்களுக்கு உதவ மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கருவி அது.

தரமான சில நட்டுகளில் இதற்கும் ஒரு பதில் உண்டு. தலையைச் சுற்றி ஒரு வளையம் தனியாகச் சுழலும். மேலே எதை அடித்துப் பிடித்தாலும் வளையம் மட்டும் சும்மா சுற்றும், நட்டு அசையாது. தலை கடினமாக்கப்பட்ட எஃகில் செய்யப்பட்டிருந்தால், துளை போடுவதும் எளிதல்ல.

ஆனாலும் லாக் நட்டின் உண்மையான பலம் சத்தமும் நேரமும்தான். சுத்தியலால் அடித்தால் நள்ளிரவில் தெருவே எழுந்துகொள்ளும். பக்கத்தில் லாக் இல்லாத இன்னொரு கார் நிற்கும்போது, இதனோடு மல்லுக்கட்ட ஒரு திருடனுக்கு அவசியம் இல்லை. அதாவது, சந்தர்ப்பம் பார்த்து வருகிறவனை இது திருப்பி அனுப்பும். குறிவைத்து, கருவியோடு வருகிறவனைச் சில நிமிடம் தாமதப்படுத்தும். அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

திருடன் வாழ்நாளில் ஒருமுறைகூட இந்த நட்டைத் தொடாமல் போகலாம். ஆனால் டயர் கடைக்காரர் வருடத்துக்கு ஓரிரு முறையாவது தொடுவார். சுமார் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் போடச் சொல்கிறார்கள். அதோடு பிரேக் வேலை, வீல் பேலன்சிங், பஞ்சர். ஒவ்வொரு முறையும் அந்தச் சாவி கைமாறுகிறது.

"சார், லாக் நட் கீ குடுங்க" என்று கேட்கும்போதுதான், அப்படி ஒன்று இருப்பதே பலருக்கு நினைவுக்கு வரும். பழைய கார் வாங்கியவர் என்றால், அதைப் பற்றியே கேள்விப்பட்டிருக்க மாட்டார். வேலை முடிந்ததும் சாவி நட்டின் மேலேயே மாட்டியிருக்க, கார் கிளம்பிவிடுவதும் உண்டு. முதல் வேகத்தடையிலேயே அது எங்காவது விழுந்துவிடும்.

இதன் விலை தெரிவது ஓர் அவசரத்தில்தான். திண்டிவனம் தாண்டி இரவு 11 மணிக்கு டயர் வெடிக்கிறது. டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, ஸ்பேனர் இருக்கிறது. லாக் நட் சாவி வீட்டு அலமாரியில். மூன்று நட்டைக் கழற்றிவிட்டு நான்காவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சாலையோர உதவி ஊழியர் வந்தாலும், சாவி இல்லாமல் அவராலும் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. வண்டியை டோ செய்ய வேண்டிவரும்.

ஏர் கன் ஏன் எதிரி?

சாவி பத்திரமாக இருந்தாலும் இன்னொரு ஆபத்து உண்டு. பெரும்பாலான சிறிய, நடுத்தர கார்களில் வீல் நட்டை மாடலைப் பொறுத்து 100 நியூட்டன் மீட்டரை ஒட்டிய விசையில் இறுக்கினால் போதும். டயர் கடையில் 'டர்ர்ர்' என்று ஓடும் ஏர் கன், அதைவிடப் பல மடங்கு விசையைக் கொடுக்கக்கூடியது. சாதாரண நட்டு அதைத் தாங்கிக்கொள்ளும். லாக் நட்டின் மெல்லிய பள்ளமும் சாவியின் மெல்லிய விளிம்பும் தாங்காது. இறுக்கும்போது ஒன்றும் தெரியாது. அடுத்த முறை கழற்றும்போது சாவி உடையும், அல்லது பள்ளம் வழுக்கிப்போகும்.

லாக் நட்டை ஏர் கன்னில் திருப்பக் கூடாது என்று தயாரிப்பாளர்களே எச்சரிப்பது இதனால்தான். லாக் நட் மட்டும் கையால், முடிந்தால் டார்க் ரெஞ்ச் வைத்து. இதைக் கடையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கூட்டமான நேரத்தில் யாரும் தானாகக் கவனிக்க மாட்டார்கள்.

சாவி தொலைந்தால் என்ன வழி?

முதலில் காருக்குள் தேட வேண்டிய இடங்கள்: ஸ்டெப்னிக்கு நடுவில் இருக்கும் டூல் கிட், கிளவ் பாக்ஸ், டிக்கியின் பக்கவாட்டுப் பெட்டி. அடுத்து, கடைசியாக டயர் வேலை பார்த்த கடைக்கு ஒரு போன். பாதி கேஸ் இதிலேயே முடிந்துவிடும்.

இல்லையென்றால், செட்டோடு வந்த சின்ன அட்டையில் ஒரு கோடு எண் இருக்கும். சாவியிலேயே பொறித்திருப்பதும் உண்டு. அந்த எண்ணைக் கொடுத்து நிறுவனத்திடமோ டீலரிடமோ மாற்றுச் சாவி கேட்கலாம். கம்பெனியே பொருத்தி அனுப்பும் லாக் போல்ட்டுகளில் சாவி வடிவங்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால், சில டீலர் சர்வீஸ் சென்டர்களில் எல்லா வடிவமும் அடங்கிய மாஸ்டர் செட் இருக்கும். அதை வைத்துக் கழற்றிக் கொடுப்பார்கள்.

எதுவுமே இல்லாதபோது, திருடன் செய்யும் அதே வேலையை மெக்கானிக் செய்வார். மேலே சாக்கெட்டை அடித்து இறக்குவார், அல்லது ஒரு நட்டை வெல்டு வைத்துத் திருப்புவார். கூலி பெரிதாக இருக்காது. அலாய் வீலில் கீறலோ சூட்டுத் தடமோ விழுந்தால்தான் செலவு. பெயர் தெரியாத ஆன்லைன் செட் என்றால், மாற்றுச் சாவிக்கு வழியே இல்லை என்று நினைத்துக்கொள்வது நல்லது.

இன்சூரன்ஸ் இருக்கே, போதாதா?

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் சக்கரத் திருட்டுக்கு ஒரு பைசா வராது. முழுக் காப்பீடு இருந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டுக் கேட்கலாம். ஆனால் டயருக்கு வழக்கமான பாலிசியில் 50% தேய்மானம் கழிப்பார்கள். வெளியில் வாங்கிப் பொருத்திய அலாய் வீலைப் பாலிசியில் முன்பே குறிப்பிட்டிருக்காவிட்டால், அதற்கான பணம் கிடைப்பது கஷ்டம். கிளெய்ம் எடுத்தால் நோ கிளெய்ம் போனஸும் போகும். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியவருக்கு, சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் கிடைக்கும் 50% சலுகை அது. ஆகவே, காப்பீடு இருக்கிறது என்பதற்காக மட்டும் லாக் நட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

யார் வைத்திருக்கலாம், யார் கழற்றலாம்?

அலாய் வீல் கொண்ட கார், இரவில் தெருவிலோ திறந்த காலி இடத்திலோ நிற்கிறது என்றால் லாக் நட் இருக்கட்டும். வாரக்கணக்கில் ரயில் நிலையம், விமான நிலையம் பக்கம் நிறுத்திவிட்டுப் போகிறவர்களுக்கும் இதே பதில். மஹிந்திரா தார் போலப் பின்பக்கக் கதவில் ஸ்டெப்னி தொங்கும் வண்டிகளில், அந்த ஒரு சக்கரத்துக்காவது லாக் போடுவது புத்திசாலித்தனம். அதைக் கழற்ற ஜாக்கிகூடத் தேவையில்லையே!

இரும்பு ரிம், மேலே பிளாஸ்டிக் வீல் கவர் என்றால் கவலை குறைவு. அதற்குத் திருட்டுச் சந்தையில் பெரிய மதிப்பு இல்லை. பூட்டிய கேட்டுக்குள், காவலாளி உள்ள அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் நிற்கும் காருக்கும் லாக் நட்டால் கிடைக்கும் பலன் சொற்பம். அடிக்கடி இரவுப் பயணம் போகிறவர், காரைப் பலர் மாற்றி மாற்றி ஓட்டும் குடும்பம் என்றால் தொல்லைதான் அதிகம். இவர்கள் தாராளமாகக் கழற்றிவிடலாம்.

கழற்றினால் அந்த இடத்தை வெறுமனே விடக் கூடாது. அதே மரை அளவும், ரிம்மில் உட்காரும் அடிப்பகுதியின் வடிவமும் ஒத்துப்போகும் சாதாரண நட்டைப் போட வேண்டும். மாருதி, ஹூண்டாய் கார்களில் இந்த அடிப்பகுதி கூம்பாக இருக்கும். ஹோண்டா, ஃபோக்ஸ்வாகனின் கம்பெனி ரிம்களில் பந்து மாதிரி வளைந்திருக்கும். மாற்றிப் போட்டால் இறுகியது போலத் தெரியும், ஓடும்போது தளர்ந்துவிடும். புதிதாக லாக் நட் வாங்கும்போதும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

• சாவிக்கு ஒரே இடம். டூல் கிட்டோ கிளவ் பாக்ஸோ, வீட்டில் கார் ஓட்டும் எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

• கோடு எண் அட்டையை மொபைலில் படம் எடுத்து வைக்கவும். அட்டையைக் காருக்குள் வைக்காமல் வீட்டில் வைக்கவும்.

• கழற்றும்போது லாக் நட் முதலில், மாட்டும்போது கடைசியில். சக்கரம் நடுவில் சரியாக உட்கார இது உதவும்.

• சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் இறுக்கத்தை ஒருமுறை சரிபார்க்கவும்.

• டயர் கடையில் பில் கட்டும் முன் சாவியைக் கையில் வாங்கிவிடவும்.

• பழைய கார் வாங்கும்போது ஆர்.சி., இன்சூரன்ஸோடு லாக் நட் சாவியையும் கேட்கவும். கொடுத்த சாவி பொருந்துகிறதா என்று அங்கேயே ஒரு நட்டில் திருப்பிப் பார்க்கவும்.

லாக் நட் பொருத்திய கார் என்றால், அடுத்த நீண்ட பயணத்துக்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். சாவி இருக்கிறதா, காரோடு வந்த ஸ்பேனரிலேயே நான்கு லாக் நட்டும் கழல்கின்றனவா என்று பார்த்து, மறுபடி சரியாக இறுக்கிவிடவும். கழன்றால் அவை அப்படியே இருக்கட்டும். ஒன்றாவது அசையவில்லை என்றால், பயணத்துக்கு முன்பே மெக்கானிக்கிடம் கொண்டுபோய்விடுவது நல்லது.