கூரைக்குள் நுரை, கடனுக்குத் தடை

லண்டனின் ஹாரோ, வெம்பிளி வட்டாரங்களில் 1930களில் கட்டிய வீடுகள் தெருத் தெருவாக நிற்கின்றன. நம்மவர்கள் பலர் தேடித் தேடி வாங்கியவை. அப்படி ஒன்றை விலை பேசி முடித்த பிறகு, கடன் தர இயலாது என்று வங்கி கையை விரித்தால், வாங்குபவர் முதலில் தன் சம்பளக் கணக்கைத்தான் சந்தேகிப்பார். பல வீடுகளில் காரணம் பரணில் இருக்கிறது. ஓடுகளின் அடியில் பீய்ச்சி ஒட்டவைத்த பாலியூரித்தேன் நுரை. பிரிட்டனில் எல்லோரும் சொல்வது ‘ஸ்ப்ரே ஃபோம்’.

நம் ஊர் ஓட்டு வீட்டில் அண்ணாந்து பார்த்தால் கைமரமும் ரீப்பரும் தெரியும். பிரிட்டிஷ் வீட்டில் அறைக்கு மேலே ஒரு தட்டையான உட்கூரை. அதற்கும் ஓட்டுக்கும் நடுவே முக்கோணமாக ஒரு பரண், ‘லாஃப்ட்’. குளிரைத் தடுக்கப் பரணின் தரையில் கனிமப் பஞ்சை விரிப்பது அங்கே வழக்கம். இன்றைய பரிந்துரை சுமார் 270 மில்லிமீட்டர் கனம். சூடு அறைகளிலேயே தங்கிவிடும். பரண் குளிர்ந்தே கிடக்கும். ஓட்டின் இடுக்கிலும் இறவாரத்திலும் புகுந்து வெளியேறும் காற்று, குளியலறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் மேலேறும் ஈரத்தைக் கொண்டுபோய்விடும். பழைய வீடுகள் நூறாண்டு தாங்கியதில் இந்தக் காற்றுக்குப் பெரிய பங்குண்டு.

நுரை அந்த இடுக்குகளை அடைத்துவிடுகிறது. காற்றோட்டம் நின்றால், ஈரம் குளிர்ந்த மரத்தில் வியர்த்துத் தங்கும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும், கைமரம் உளுத்துப்போகும். பல பழைய கூரைகளில் ஓட்டுக்கு அடியில் தார்த்தாள்கூடக் கிடையாது. நுரை நேராக ஓட்டிலேயே ஒட்டிக்கொள்கிறது. மழை கசிந்தால் கறை எதுவும் உள்ளே தெரியாது. தண்ணீர் நுரைக்கும் மரத்துக்கும் நடுவே தங்கிவிடும்.

நுரையிலும் இரண்டு வகை. மென்மையானது நீராவியை ஓரளவு கடத்தும், செதுக்கியெடுக்கவும் முடியும். கெட்டியானது பசைபோல் இறுகிவிடும். ‘நழுவும் ஓடுகளையும் இதுவே பிடித்துக்கொள்ளும்’ என்று சொல்லி விற்றார்கள். பிடித்துக்கொண்டது உண்மைதான், உடைந்த ஒரு ஓட்டைக்கூட இனித் தனியாக மாற்ற முடியாத அளவுக்கு!

இனி வங்கியின் கணக்குக்கு வருவோம். நுரை அடித்த எல்லாக் கூரையும் உளுத்துவிடவில்லை. ஈரம் எங்கே போகும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, காற்றுவழி விட்டுச் செய்த கூரைகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் சிறிது நேரமே வீட்டில் இருப்பார். நுரையைப் பிய்த்துப் பார்க்க அவருக்கு அனுமதி இல்லை. ‘மரத்தின் நிலையைப் பார்க்க முடியவில்லை’ என்று எழுதுவார். அந்த ஒரு வரி போதும். கடன் 25, 30 ஆண்டுகளுக்கானது. ஈடு அந்த வீடு. தவணை நின்றால் வங்கி அதை விற்றாக வேண்டும். பார்க்க முடியாத மரத்தை நம்பி யார் பணம் போடுவார்?

இதில் ஒரு சுழலும் உண்டு. மற்ற வங்கிகள் மறுக்கும் என்று தெரிந்தால், அடுத்து வாங்குபவருக்கும் கடன் கிடைக்காது. ரொக்கக்காரர் மட்டுமே வருவார், விலையைக் குறைத்துக் கேட்பார். ஆகவே கூரை நன்றாக இருந்தாலும் ஈட்டின் மதிப்பு விழுகிறது. அதனால் இந்த வங்கியும் மறுக்கிறது. சந்தேகமே சேதத்தின் வேலையைச் செய்துவிடுகிறது. பெரிய கடன் நிறுவனங்களில் கால்வாசி இப்படிப்பட்ட வீடுகளுக்குக் கடன் தருவதில்லை என்று 2024இல் பிபிசி கண்டறிந்தது. சுமார் இரண்டரை லட்சம் வீடுகளில் இந்த நுரை இருப்பதாகவும் அது குறிப்பிட்டது.

இத்தனை வீடுகளுக்குள் இது புகுந்ததில் அரசுக்கும் பங்குண்டு. 2020இல் இங்கிலாந்தில் வந்த ‘கிரீன் ஹோம்ஸ் கிராண்ட்’ திட்டம், வெப்பக்காப்புச் செலவில் மூன்றில் இரண்டு பங்கை, 5,000 பவுண்டு வரை தந்தது; குறைந்த வருமானக்காரர்களுக்கு 10,000 வரை. 2021 மார்ச்சில் அது மூடப்பட்டது. நுரைக்கும் அதில் இடமிருந்தது. அரசே காசு தருகிறதென்றால் தப்பாக இருக்குமா என்று நம்பியவர்களைக் குறை சொல்ல முடியாது. தொலைபேசியில் வந்த விற்பனைப் பேச்சில் மயங்கியவர்களில் முதியவர்கள் அதிகம். முதுமையில் வீட்டை ஈடாக வைத்துப் பணம் பெறும் ‘எக்விட்டி ரிலீஸ்’ கடன் கேட்கும்போதுதான், அவர்களில் பலருக்குக் கதவு அடைபட்டிருப்பது தெரிகிறது.

நுரை இருக்கும் வீட்டுக்காரர் உடனே ஆளைக் கூப்பிட்டுச் சுரண்டச் சொல்வது சரியல்ல என்பது என் எண்ணம். முதலில் காகிதங்கள்: எந்த நுரை, யார் அடித்தார்கள், அதற்கு முன் கூரையைச் சோதித்தார்களா, உத்தரவாதம் இன்னும் செல்லுமா. இவை முழுதாக இருந்தால் சில வங்கிகள் பேச்சுக்கு இசைகின்றன. மதிப்பீட்டாளர்களின் அமைப்பான ஆர்ஐசிஎஸ் 2023இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நுரையை விற்பதிலும் அகற்றுவதிலும் சம்பந்தமில்லாத சர்வேயரைக் கொண்டு சோதிப்பதே நல்லது. ஏனென்றால் முன்பு நுரை விற்ற அதே பாணியில், ‘உங்கள் கூரை ஆபத்தில் இருக்கிறது, நாங்கள் அகற்றுகிறோம்’ என்றும் இப்போது தொலைபேசி வருகிறது. அகற்றுவதற்கு ஆயிரக்கணக்கான பவுண்டு ஆகும். கெட்டி நுரையானால் கூரையையே மாற்ற நேரலாம்.

வாங்குபவருக்கு வேலை சுலபம். வழக்கறிஞருக்கு முன்பணம் கட்டும் முன் ஏணி வைத்துப் பரணுக்குள் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சளோ வெள்ளையோ, உறைந்த நுரை கைமரங்களை மூடியிருந்தால், இந்த வீட்டுக்குக் கடன் கிடைக்குமா என்று தரகரிடம் அப்போதே கேளுங்கள். வங்கி செய்யும் மதிப்பீடு வங்கிக்கானது. உங்களுக்கான முழுச் சோதனைக்குத் தனியாகச் சர்வேயர் வைக்க வேண்டும். விற்பவர் ஏற்கெனவே அகற்றியிருந்தால், அகற்றிய பிறகு மரத்தை எடுத்த படங்களையும் சர்வேயரின் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். நாளை நீங்கள் விற்கும்போது வரும் மதிப்பீட்டாளரும் அவற்றைத்தான் கேட்பார்.